கள்ள மரக்கால்

முன்குறிப்பு: பதிவு நீளம். பாதியில் ஓடுகிறவர்கள் இப்பவே ஓடிவிடலாம், வருத்தப்பட மாட்டேன் :-)

ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு காரைக்காலில் ஒரு மண்டபத்தில் 'மேற்படிப்பு வழிகாட்டி' நிகழ்ச்சி நடந்தது. அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மேடையில் கோட்டு போட்ட ஒரு பேச்சாளர். பேர் வேண்டாம். ஆள் நல்லவராகக்கூட இருக்கலாம். எனக்குச் சண்டை அவரோடு இல்லை, அவர் அவிழ்த்துவிட்ட சரக்கோடுதான்.

"ஆணும் பெண்ணும் சமம்தான், ஆனா மனசோட அமைப்பே வேற வேற. இதை நான் சொல்லலை, சைக்காலஜி நிரூபிச்சிருக்கு" என்று ஆரம்பித்தார். பெண்ணுக்கு இயற்கையிலேயே பொறுமை, இரக்கம், விட்டுக்கொடுக்கிற குணம். ஆணுக்குத் தைரியம், தலைமை, டக்கென்று முடிவெடுக்கிற திறமை. பொம்பளைக்கு மேப் பார்க்க வராது, ஆம்பளைக்குப் பொண்டாட்டி பேசினா காதில் விழாது. (இந்த இடத்தில் பலத்த கைதட்டல்.) ஆகவே மாணவிகளே, இயற்கை உங்களுக்குக் கொடுத்ததைப் புரிந்துகொண்டு படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி நேரத்தில் அக்கா மகள் எழுந்து, மெக்கானிக்கல் எடுக்கலாம் என்று இருப்பதாகச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, "எடும்மா, தப்பே இல்ல. ஆனா உன் மூளையோட அமைப்புக்கு எதிர்நீச்சல் போடணும். யோசிச்சுக்க" என்றார்.

திரும்பி வரும்போது அரசலாற்றுப் பாலத்து மேல் வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து கேட்டாள்: "மாமா, நெசமாவே அப்படிக் கண்டுபிடிச்சிருக்காங்களா?"

"சும்மா அடிச்சு விடறாரும்மா" என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ராத்திரியெல்லாம் அந்தக் கேள்வி உறுத்தியது. அதுக்கப்புறம் ஒரு மாசம் உட்கார்ந்து படித்ததுதான் இந்தப் பதிவு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

அளவையைச் செய்த விதம்

டெல்டாக்காரர்களுக்கு மரக்கால் தெரியும். நெல் அளக்கிற அளவை. சில மிராசுகளிடம் ரெண்டு மரக்கால் இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று. அளக்கிறவன் கை சுத்தமாகத்தான் இருக்கும், எண்ணிக்கையும் சரியாகத்தான் இருக்கும். திருட்டு மரக்காலுக்குள்ளேயே இருக்கும்.

ஆண்மை, பெண்மையை அளக்கிறேன் என்று உளவியல் முதலில் செய்த அளவையும் அந்த ரகம்தான். 1936-ல் அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன், கேத்தரின் காக்ஸ் மைல்ஸ் என்ற ரெண்டு பேர் 'பாலும் ஆளுமையும்' என்று ஒரு புத்தகம் போட்டார்கள். டெர்மன் யார் என்றால், ஐ.க்யூ. சோதனையை அமெரிக்காவில் பரப்பினவர். அறிவை அளந்தாச்சு, அடுத்து ஆண்மையையும் பெண்மையையும் அளந்துடலாம் என்று இறங்கினார்கள். நானூற்றுச் சொச்சம் கேள்விகள். எதை அளக்கிறோம் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகச் சோதனைக்கு வேறு பெயர் வைத்தார்கள்.

கேள்விகளை எப்படிப் பொறுக்கினார்கள் தெரியுமா? ஆண்களும் பெண்களும் வேறு வேறு மாதிரி பதில் சொல்கிற கேள்வியை வைத்துக்கொள்வது. ரெண்டு பேரும் ஒரே மாதிரி பதில் சொன்னால் அந்தக் கேள்வியைத் தூக்கிவிடுவது. அவ்வளவுதான் சூத்திரம்.

ஒரு வீட்டில் அண்ணன், தங்கச்சி. நூறு பழக்கத்தில் தொண்ணூறு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், பத்து மட்டும் வேற. அந்தத் தொண்ணூறையும் குப்பையில் போட்டுவிட்டு, பத்தை மட்டும் தாளில் எழுதி, "பாருங்கள், இவங்க ரெண்டு பேரும் முழுக்க முழுக்க வேற வேற" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்தார்கள். இன்னொரு கோளாறும் உண்டு. இந்த முறையில் ஆண்மை ஒரு முனை, பெண்மை மறுமுனை. ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியே ஆகணும். இரக்கமும் தைரியமும் ஒரே ஆளிடம் இருக்கிற வாய்ப்பே கணக்கில் கிடையாது. இதைப் போட்டு உடைக்க 1973-ல் ஆன் கான்ஸ்டன்டினோப்பிள் என்ற உளவியலாளர் வர வேண்டியிருந்தது. நடுவில் 37 வருஷம் போச்சு.

இதுகூடப் பரவாயில்லை. மருத்துவமனைகளில் உலகம் முழுக்கப் பயன்பட்ட எம்.எம்.பி.ஐ. என்ற பெரிய ஆளுமைச் சோதனை 1940களில் வந்தது. அதில் ஐந்தாவது அளவுகோல் ஆண்மை-பெண்மை. அதில் 'பெண்மை' என்ற முனையை எந்தப் பெண்களை வைத்து நிர்ணயித்தார்கள் என்று தேடினால், பெண்களே இல்லை. வெறும் 13 தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களை வைத்து நிர்ணயித்தார்கள். பதிமூணு பேர்! நம்ம ஊர் டீக்கடை பெஞ்சில்கூட அதைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் தன்பால் ஈர்ப்பு நோய்ப் பட்டியலில் இருந்தது. ஆக ஒரு அளவுகோலில் பெண்மையும் 'நோயும்' ஒரே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் கதை, நமக்கென்ன என்று கேட்காதீர்கள். தன்பால் ஈர்ப்புள்ளவர்களை 'மாற்றி' விடுகிறேன் என்று சொல்லும் சிகிச்சைக்குத் தடை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டது 2021 ஜூனில்தான். அதுவரைக்கும் எத்தனை பிள்ளைகளைப் பெத்தவங்களே கூட்டிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்திருப்பார்கள் என்று யோசியுங்கள். கள்ள மரக்கால் வெறும் காகித விஷயம் இல்லை.

வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று

1970-ல் இங்கே பிரோவர்மன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் ஒரு வேலை செய்தார்கள். (இங்கே என்பது அந்த அம்மாவின் பெயர், நம்ம 'இங்கே' இல்லை.) மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள் என்று 79 பேரைப் பிடித்தார்கள். அவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்திடம் மனநலத்தோடு இருக்கிற ஆண் எப்படி இருப்பான் என்றும், இன்னொரு கூட்டத்திடம் மனநலத்தோடு இருக்கிற பெண் எப்படி இருப்பாள் என்றும், மூன்றாவது கூட்டத்திடம் மனநலத்தோடு இருக்கிற வயதுவந்த மனிதர் எப்படி இருப்பார் என்றும் கேட்டார்கள்.

மனிதருக்குச் சொன்ன குணமும் ஆணுக்குச் சொன்ன குணமும் ஏறக்குறைய ஒன்று. பெண்ணுக்குச் சொன்னது வேற. அவள் அடங்கிப் போகிறவள், சுலபமாக மற்றவர் பேச்சைக் கேட்டு மாறுகிறவள், சின்ன விஷயத்துக்குக் கலங்குகிறவள். நோயாளிப் பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை சாமி, நல்லா இருக்கிற பெண்ணைப் பற்றிக் கேட்டதுக்கு வந்த பதில் இது.

அதாவது நல்ல பெண்ணாக இருந்தால் முழு மனுஷி இல்லை. முழு மனுஷியாக இருந்தால் நல்ல பெண் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் அடி. பதில் சொன்ன 79 பேரில் 33 பேர் பெண்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரக்கால் ஆம்பளை கையில் மட்டும் இல்லை.

தொல்காப்பியரும் ஸ்டான்ஃபோர்டும்

இனி கதையில் ஒரு திருப்பம். சாண்ட்ரா பெம் என்ற உளவியலாளர், தீவிரப் பெண்ணியவாதி, 1974-ல் புது அளவுகோல் ஒன்று கொண்டு வந்தார். 60 குணங்கள். 20 ஆண்மைக்கு, 20 பெண்மைக்கு, மீதி 20 பொது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்ளணும். ரெண்டும் தனித்தனிக் கணக்கு என்பதால் ஒரே ஆள் ரெண்டிலும் நிறைய வாங்கலாம். அப்படிப்பட்டவர்கள்தான் வாழ்க்கையில் இடத்துக்குத் தகுந்தபடி நடந்துகொள்ள முடிகிறவர்கள் என்று காட்டுவதுதான் அவர் நோக்கம்.

குணங்களை அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் இந்தப் பதிவின் மையம், அதனால் கவனமாகப் படிங்க. ஆண்களுக்கும் பெண்களுக்கும் உண்மையில் என்ன குணம் இருக்கிறது என்று அவர் அளக்கவில்லை. அமெரிக்கச் சமூகத்தில் ஆணுக்கு எந்தக் குணம் இருந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள், பெண்ணுக்கு எது இருந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களைக் கேட்டார். அவர்கள் சொன்னதுதான் பட்டியல். அதாவது ஊர் எதை மெச்சும் என்பதன் பட்டியல். பெம் இதை மறைக்கவே இல்லை.

அந்தப் பெண்மைப் பட்டியலைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூச்சம் இருக்கு. குழந்தைத்தனம் இருக்கு. சொன்னதை அப்படியே நம்பிவிடுகிற வெகுளித்தனம் இருக்கு. மெதுவாகப் பேசுவது, கடுஞ்சொல் சொல்லாதது, விட்டுக்கொடுப்பது எல்லாம் இருக்கு. இதை எங்கேயோ பார்த்திருக்கோமே?

தொல்காப்பியம் களவியலில் பெண்ணுக்கு உரியதென்று அச்சம், நாணம், மடம் என மூன்றைச் சொல்கிறது. (பயிர்ப்பு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட நாலாவது ஆள். நாலும் ஆதியிலிருந்தே இருப்பதாகப் பட்டிமன்றத்தில் முழங்குகிறவர்கள் கவனிக்க.) ஆணுக்குப் பெருமையும் உரனும். ஸ்டான்ஃபோர்ட் பசங்க சொன்ன கூச்சத்தை நாணத்துக்குப் பக்கத்திலும், வெகுளித்தனத்தை மடத்துக்குப் பக்கத்திலும், ஆண் பட்டியலில் இருந்த 'வலுவான ஆளுமை'யை உரனுக்குப் பக்கத்திலும் வையுங்கள். பொருந்துதா?

உடனே ஒருத்தர், "பார்த்தியா, ரெண்டாயிரம் வருஷமா, ரெண்டு கண்டத்திலும் ஒரே பட்டியல். அப்போ இயற்கைதானே?" என்பார். இல்லைங்க. ரெண்டு இடத்திலும் சொத்தும் அதிகாரமும் யார் கையில் இருந்ததோ அவர்களுக்கு வசதியான பட்டியல். இயற்கையாக வருகிற குணத்துக்கு இலக்கணம் எழுதிப் பாதுகாக்க வேண்டிய அவசியம் என்ன? மாட்டுக்குக் கொம்பு முளைக்கணும் என்று யாராவது நூற்பா எழுதினார்களா?

பட்டியல் இயற்கை இல்லை என்பதற்குக் கணக்கும் இருக்கு. பெம்மின் சோதனையை வருஷா வருஷம் எழுதின அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் மதிப்பெண்களை ஜீன் ட்வெங்கே 1997-ல் தொகுத்துப் பார்த்தார். எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகளுக்குள் பெண்களின் 'ஆண்மை' மதிப்பெண் படிப்படியாக ஏறியிருக்கு. இருபது வருஷத்தில் மரபணு மாறாது. படிப்பும் வேலையும் கையில் காசும் மாறும்.

மேப் பார்க்க வராதாம்

இப்ப பேச்சாளரின் கைதட்டல் வசனத்துக்கு வருவோம். பொம்பளைக்கு மேப் படிக்கத் தெரியாது என்பது தொண்ணூறுகளின் கடைசியில் ஆலன் பீஸ், பார்பரா பீஸ் தம்பதி எழுதி உலகம் முழுக்க விற்ற புத்தகத்தின் தலைப்பிலேயே இருக்கிற வசனம். வடிவங்களை மனசுக்குள் திருப்பிப் பார்க்கிற திறமையில் சராசரியாக ஆண்கள் முன்னால் இருப்பது பல சோதனைகளில் வந்திருப்பது உண்மைதான். அதை நான் மறுக்கலை. ஆனால் ஏன் என்பதுதானே கேள்வி?

விடை தேடி மோஷே ஹாஃப்மன், யூரி நீஸி, ஜான் லிஸ்ட் என்ற மூன்று பேர் நம்ம நாட்டுக்குத்தான் வந்தார்கள். வடகிழக்கில் காசி, கார்பி என்று ரெண்டு பழங்குடிகள். பக்கத்துப் பக்கத்து ஜனங்கள், சாப்பாடும் விவசாயமும் ஏறக்குறைய ஒன்று, மரபு வழியிலும் நெருக்கம். வித்தியாசம் எங்கே என்றால், காசிகளில் சொத்து கடைசிப் பெண்ணுக்குப் போகும். கார்பிகளில் மூத்த மகனுக்குப் போகும்.

1,279 பேரிடம் நாலே துண்டு கொண்ட ஒரு மரப் புதிரைக் கொடுத்து, சேர்க்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். கார்பிகளில் ஆண்கள் தெளிவாகவே வேகம். காசிகளில் ஆண், பெண் வித்தியாசமே தெரியவில்லை. முடிவு 2011-ல் வெளியானது. மூளை அமைப்புதான் காரணம் என்றால் ஷில்லாங் பக்கத்து மலையில் மட்டும் பெண்ணின் மூளை வேற மாதிரி முளைக்குமா?

இன்னொன்று. மேற்கு வங்கத்தில் எந்தெந்தப் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கு என்பது குலுக்கல் மாதிரி மாறி மாறி வரும். அதைப் பயன்படுத்தி எஸ்தர் டஃப்லோ குழு 495 கிராமங்களில் பார்த்தது. ரெண்டு முறை பெண் தலைவர் இருந்த ஊர்களில், தங்கள் எதிர்காலம் பற்றிப் பையன்களுக்கும் பொண்ணுங்களுக்கும் இருந்த ஆசையின் இடைவெளி 32 சதவீதம் சுருங்கியிருந்தது. படிப்பில் இருந்த இடைவெளி காணாமலே போயிருந்தது. புதுசாக வேலைவாய்ப்பு எதுவும் வந்துவிடவில்லை. நாற்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்ததைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இது 2012-ல் வந்தது.

எங்க புதுச்சேரி லட்சணம் என்ன? 38 வருஷ இடைவெளிக்குப் பிறகு 2006-ல் ஒரு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அப்புறம் வருஷக்கணக்காகத் தேர்தலே இல்லை. எங்க பொண்ணுங்க எந்த நாற்காலியைப் பார்த்து ஆசைப்படுவார்கள்?

எதிர்த்தரப்புக்கும் நியாயம் வேணும்

ஆண், பெண் மனசில் வித்தியாசமே கிடையாது என்று நான் சொன்னால் நானும் அடிச்சு விடறவன்தான். 2005-ல் ஜேனட் ஷிப்லி ஹைட், அதுவரை வந்த 46 பெரும் தொகுப்பாய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். பார்த்த வித்தியாசங்களில் 78 சதவீதம் இல்லவே இல்லை, அல்லது மிகச் சின்னது. மீதியில் பெரியதும் உண்டு. பந்தை வீசுகிற வேகம், பாலுறவு பற்றிய சில மனப்போக்குகள், ஓரளவுக்கு அடிதடி. தலைமை, முடிவெடுப்பது, கணக்கு எல்லாம் பேச்சாளர் சொன்ன மலை அளவு வித்தியாசமாக அதில் இல்லை.

இதைவிட வலுவான ஒரு எதிர்வாதமும் இருக்கு, அதை ஒளிக்கக் கூடாது. 2008-ல் டேவிட் ஷ்மிட் குழு 55 நாடுகளில் பார்த்தபோது, ஆளுமைக் கேள்வித்தாள்களில் ஆண், பெண் வித்தியாசம் சமத்துவம் அதிகம் உள்ள நாடுகளில் பெரியதாக வந்தது. "கட்டுப்பாடு போனதும் இயற்கை வெளியே வருது" என்று இதைக் காட்டுகிறார்கள். கேள்வித்தாள் என்பது நம்மை நாமே மதிப்பிடுவது என்பது என் பதில். ஆணும் பெண்ணும் தனித்தனியாக வாழ்கிற ஊரில் ஒரு பெண் தன்னை இன்னொரு பெண்ணோடுதான் ஒப்பிட்டு மார்க் போடுவாள், அப்போது வித்தியாசம் மறைந்துவிடும். இது முடிந்துபோன விவாதம் இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம்: சராசரியில் இருக்கிற வித்தியாசத்தை வைத்து மண்டபத்தில் எழுந்து நிற்கிற ஒரு பிள்ளைக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆண்கள் சராசரியாக உயரம் அதிகம்தான். அதுக்காக என்னைவிட உயரமான என் அக்காவைக் குள்ளம் என்று சொல்வீர்களா?

கரையில் நின்றவர்கள்

ஆராய்ச்சியெல்லாம் விடுங்க, எங்க ஊர்க் கரைக்கு வாங்க. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி. விடியக்காலையில் ஏலம் நடக்கும். அன்னக்கூடையோடு நிற்கிற அம்மாக்களைப் பாருங்கள். மீனைப் பார்த்த கணத்தில் விலை முடிவு. பத்து பேரோடு சத்தமாக மல்லுக்கட்டு. கந்து கொடுத்தவனிடம் கணக்கு. அப்புறம் ஊர் ஊராக நடை. துணிந்து முடிவெடுப்பது, போட்டி போடுவது, தன் காலில் நிற்பது, தன் பேச்சில் உறுதி என்று பெம் பட்டியலில் 'ஆண்மை' என்று எழுதியிருந்தது முக்கால்வாசி அந்தக் கூடையில் இருக்கு. அந்தக் குணம் சோறு போடும் வரைக்கும் ஊருக்கு இனிக்கும். ஆனால் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல அந்த அம்மாவுக்கு இடம் கிடையாது. அங்கே வரியும் ஆம்பளைக் கணக்கு, வாயும் ஆம்பளைக் கணக்கு.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. ஆம்பளைங்க பல பேர் கடலுக்குள். நடுக்கடலில் சுனாமி அலை படகைப் புரட்டுகிற உயரம் இல்லை. பெண்கள் மீன் வாங்கக் கரையில் நின்றார்கள், இல்லை குழந்தைகளோடு வீட்டில் இருந்தார்கள். அலை அங்கேதான் வந்தது. ஆக்ஸ்பாம் 2005 மார்ச்சில் வெளியிட்ட குறிப்பில் நாகப்பட்டினத்துக்கு அரசுக் கணக்காகத் தந்திருப்பது: பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. கடலூரில் 391-க்கு 146.

காரணங்களைப் படிங்க. நீச்சல் தெரியாது, ஏன் என்றால் பொம்பளைப் பிள்ளை கடலில் இறங்கக் கூடாது. மரமேறத் தெரியாது, ஏன் என்றால் பொம்பளைப் பிள்ளை ஏறக் கூடாது. புடவை காலைச் சுற்றியது. குழந்தையை விட்டு ஓட மனசு வரலை.

கடல் மீனவர் வீட்டில் பிறந்து, கடலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த பெண்ணுக்கு நீச்சல் தெரியாது என்பதை எந்த மூளை அமைப்பில் எழுதியிருந்தது? அடக்கம் என்று ஊர் மெச்சின குணம் அன்றைக்கு ஆளை முக்கியது. பேச்சாளர் 'எதிர்நீச்சல்' என்று சொன்னபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அவருக்கு அது வெறும் உவமை.

ஆம்பளைங்களுக்கும் மிச்சம் இல்லை

ஆண் நண்பர்கள் உற்சாகமாக எதிர்வாதத்துக்கு வருவதற்கு முன்னால் ஒன்று. இந்த மரக்கால் நம்மையும் அளக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில், 2021-ல் இந்தியாவில் தற்கொலையில் இறந்தவர்கள் 1,64,033 பேர். அதில் ஆண்கள் 1,18,979. அந்த வருஷம் நாட்டுச் சராசரி லட்சத்துக்கு 12. நம்ம புதுச்சேரிக்கு 31.8. நாட்டிலேயே முதல் வரிசையில் வருகிற எண் அது.

எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் ஜோசப் ப்ளெக் 1981-லேயே எழுதினது இதுக்குப் பக்கத்தில் வரும். ஆண்மை என்று வைத்திருக்கிற அளவை யாரும் முழுசா எட்ட முடியாது, எட்டப் போகிற முயற்சியே ஆளை நொறுக்கும் என்றார். கடன் ஏறினால் சொல்லக் கூடாது, பயம் வந்தால் காட்டக் கூடாது, அழுதால் பொட்டை. மிச்சம் இருக்கிற ஒரே வழி சரக்குக் கடை. அதுக்கு எங்க ஊரில் பஞ்சமே இல்லை, நாகையிலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் "மனசு சரியில்லை" என்று சொல்கிற ஆம்பளையைத்தான் தேட வேண்டியிருக்கு.

பெரியார் 1920களின் கடைசியிலேயே குடி அரசில், ஆண்மை என்கிற பதமே ஒழிந்தால்தான் பெண்ணுக்கு விடுதலை என்று எழுதிவிட்டார். அப்ப டெர்மன் புத்தகம்கூட வந்திருக்கலை. ஆண்மை ஒழிந்தால் ஆணுக்கும் விடுதலைதான் என்று நான் கூடச் சேர்த்துக்கொள்கிறேன்.

சுமந்ததை இறக்கியவள்

கடைசியாக எங்க ஊர் அம்மையார். ஆனி மாசம் மாங்கனித் திருவிழா. பிட்சாடனர் வீதிவலம் வரும்போது மாடியிலிருந்து மாம்பழத்தை இறைப்பார்கள், கீழே கை நீட்டிப் பிடிப்போம். திருக்கல்யாணம் முதற்கொண்டு எல்லாம் நடக்கும். கேட்டால் 'பதிவிரதை' கதை என்பார்கள்.

கதையைச் சேக்கிழார் சொன்னபடியே பாருங்கள். புனிதவதி கணவனுக்குப் பயந்து, மதித்து, சமைத்துப் போட்ட நல்ல மனைவி. அவள் கேட்டதும் கையில் இன்னொரு மாம்பழம் வந்தது. அதைப் பார்த்த பரமதத்தன் என்ன செய்தான்? பயந்துபோய்க் கப்பலேறி ஓடினான். பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டான். சொந்தக்காரர்கள் இவளைப் பல்லக்கில் வைத்துக் கொண்டுபோய் விட்டபோது குடும்பத்தோடு காலில் விழுந்தான். தன்னைவிடப் பெரிய பெண்ணைக் கும்பிட முடியும், கூட வாழ முடியாது. இந்த ஆம்பளையை நமக்கெல்லாம் தெரியும், இல்லையா?

அப்போது அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. இவனுக்காகத்தானே இந்த அழகையும் சதையையும் சுமந்துகொண்டிருந்தேன், இனி எதுக்கு என்று கேட்டு, பேயுருவை வாங்கிக்கொண்டாள். பெண்மை என்பது தன்னோடு பிறந்ததாக அவள் நினைக்கவில்லை, ஒருத்தனுக்காகச் சுமக்கிற மூட்டை என்று நினைத்தாள். தேவையில்லை என்றதும் இறக்கி வைத்தாள். அதுக்கப்புறம் அந்தாதியும் பதிகங்களும் பாடினாள். அறுபத்து மூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

பெம் 1993-ல் எழுதின புத்தகத்தில், தன் பழைய அளவுகோலே ஆண்மை, பெண்மை என்று ரெண்டு பொருள் நிஜமாக இருப்பது போலக் காட்டிவிட்டதை ஒத்துக்கொண்டு, இந்தக் கண்ணாடியையே கழற்றணும் என்கிறார். அம்மையார் கழற்றிப் பல நூற்றாண்டு ஆச்சு. நாம இன்னும் மாம்பழம் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த முறை யாராவது மைக்கைப் பிடித்து "சைக்காலஜி நிரூபிச்சிருக்கு" என்றால், மூணே கேள்வி கேளுங்க. யாரை அளந்தாங்க? எந்த மரக்காலில் அளந்தாங்க? அந்த மரக்காலைச் செஞ்சது யாரு? பதில் வரலைன்னா கைதட்டாதீங்க. அந்தக் கைதட்டல்தான் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைக் கூச வைக்குது.

அக்கா மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். காசி, கார்பி கதையை ரெண்டு தடவை கேட்டாள். சென்டாக் விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக மெக்கானிக்கல் போட்டிருக்கிறாள். கிடைக்குமா தெரியாது, அதை மார்க் முடிவு பண்ணட்டும்.

பி.கு.: நிகழ்ச்சி நடந்த மண்டபத்துக்கு வழி சொல்லிக் கூட்டிப்போனது அவள்தான். நான் பிறந்து வளர்ந்த ஊரிலேயே ரெண்டு தடவை தப்பாகத் திரும்பினேன். என் மூளையை மட்டும் யாரும் ஆராய்ச்சிக்கு அனுப்பிடாதீங்க, ஆண் குலத்துக்கே கெட்ட பேர் ஆயிடும் :-))